பதினான்கு சாவிகள்

அறைகளுக்கு நெல்லின் பெயர் வைத்தது முதலாளியின் யோசனை.
கருங்குறுவைக்கு ஏரி பார்த்த ஜன்னல்,
இரவுக்கு ஐந்நூறு கூடுதல்.
அந்த அறையிலிருந்துதான் போன் வந்தது
மூன்றே முக்காலுக்கு:
"மேடம், யாரோ வைக்கோல் கொளுத்துறாங்க,
ஏசி வழியா நாத்தம் வருது."

வைக்கோல் இல்லை.
எரிந்துகொண்டிருந்தது ஏரி.

வரவேற்பறைச் சுவரில் ஏரி ததும்பும் படம் உண்டு,
ஐப்பசியில் எடுத்தது.
சித்திரையில் வருகிறவர்களிடம்
"தண்ணி கொஞ்சம் உள்வாங்கியிருக்கு"
என்று சொல்லப் பழகியிருந்தேன்.
உள்வாங்கியது போக
நடுவே ஒரு தாம்பாளம் அளவுக்குக் கிடந்தது.
மற்றபடி ஆளுயரக் கோரை,
இடையிடையே சீமைக்கருவேலம்,
தெற்கிலிருந்து சோழகக் காற்று.

பதினான்கு அறை, பதினோரு குடும்பம்.
கதவைத் தட்டி என்ன சொல்வது என்று
பயிற்சியில் யாரும் கற்றுத்தரவில்லை.
சீரகச் சம்பாவில்
"குட் ஈவ்னிங் சார், தீ" என்றேன்.
உள்ளேயிருந்து
"டீ வேணாம்மா, காபி" என்றார்.

தூயமல்லியில் புதுசாய்க் கல்யாணமானவர்கள்
ஈரத் தலையோடு வந்தார்கள்.
பெட்டி நினைவிருந்தது, செருப்பு நினைவில்லை.
மணற்கல் பாதையில் அந்தப் பெண்
சூடு பொறுக்காமல் தத்தித் தத்தி ஓடியதை
நடனம் என்று நினைத்து
யாரோ படமெடுத்தார்கள்.
சமையல்கட்டில் ஜமால் முகமது
சிலிண்டர்களை முதலில் ஏற்றினார்.
"விருந்தாளி வெடிக்க மாட்டாங்க" என்றார்.
மாப்பிள்ளைச் சம்பாவின் குழந்தை மட்டும்
வேன் கிளம்பும்போது கேட்டது:
"வாத்து போட்டுக்கு யாரு சொல்றது?"

இரண்டு வேன், ஒரு லோடு ஆட்டோ.
மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபம்
அன்றைக்கு முகூர்த்தமில்லாமல் காலியாக இருந்தது.
மேனேஜர் நவநீதன் போனில் கேட்டார்,
"எல்லாரும் வெளிய போயாச்சா?"
ஆயிற்று என்றேன்.
நாங்கள் ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தோம்.
எங்கள் பெயர் எந்த அறையிலும் இல்லை.

அப்போது கம்பிவேலி அறுபடும் சத்தம்.

இரண்டு வருஷம் முன்பு
'கோரை அறுக்க அனுமதி இல்லை' என்று
பலகைக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தான்.
அறுத்தால் மொட்டையாகத் தெரியும்,
விருந்தாளிகளுக்குப் பச்சை வேண்டும்.
அந்தப் பலகையைத் தாண்டித்தான்
வெற்றிச்செல்வி வந்தாள்,
பின்னால் பன்னிரண்டு அரிவாள்.
கரையிலிருந்து கரைக்கு
ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு
அறுத்து அறுத்து இழுத்துப் போட்டார்கள்.
நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
"எங்க தெரு ஒங்க ஓட்டலுக்குப் பின்னாலதான இருக்கு"
என்றாள், நிமிராமலே.

இருபத்தெட்டு வெள்ளைப் போர்வைகளை
நீச்சல் குளத்தில் முக்கி எடுத்தோம்.
சலவைக்குப் போட்டால் உருப்படிக்கு நாற்பது ரூபாய்.
அடித்தோம்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
கை என்னுடையதாக இல்லை.

தீயணைப்பு வண்டி ஐந்தரைக்கு வந்தது.
குழாயை ஏரியில் போட்டார்கள், சேற்றை இருமியது.
பிறகு நீச்சல் குளத்தில்.
நீலம் இறங்க இறங்க
தரையில் ஒரு ஹேர் கிளிப்,
இரண்டு ரூபாய் நாணயங்கள்,
போன டிசம்பரில் சிங்கப்பூர்க்காரர் ஒருவர்
நாலு நாள் தேடிய மூக்குக்கண்ணாடி.

அறுத்த கோட்டில் வந்து
தீ கொஞ்ச நேரம் நின்றது,
வழி கேட்பது போல.
வாத்துப் படகு ஆறும் அதற்கு அந்தப் பக்கம்.
முதலில் கழுத்துதான் வளைந்தது.

இரவு சாவிப் பலகையைப் பார்த்தேன்.
மூன்றுதான் தொங்கின.
மீதி பதினொன்றும் மண்டபத்தில்
யார் யாரோ சட்டைப் பையில்
ஜமுக்காளத்தில் தூங்கிக்கொண்டிருந்தன.
கூரியரில் ஒவ்வொன்றாகத் திரும்பின.
கருங்குறுவைச் சாவியோடு ஒரு சீட்டு:
அரை நாள் வாடகை பாக்கி வரணும்.

பலகையை மறுபடி நடச் சொல்லியிருக்கிறார்கள்.
இன்னும் நடவில்லை. யாரும் கேட்கவுமில்லை.
நேற்று ஆனி மாதத்துக்கு ஒருவர் அறை கேட்டார்.
"ரூம்லேர்ந்து ஏரி நல்லாத் தெரியுமா?"
தெரியும் சார் என்றேன்,
குறுக்க இப்ப ஒண்ணுமே இல்ல.